பெசலோன்களின் எடை

1917ஆம் ஆண்டு ஏப்ரல் இருபத்தேழாம் தேதி காலை, உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த லெயோந்தின் பெசலோன் நின்ற இடத்திலேயே முழங்கால்வரை மண்ணுக்குள் இறங்கிப்போனாள். கால் வைப்பதற்காகப் போட்டிருந்த ஓக் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவள் கத்தவில்லை. கூடையைக் கவிழாமல் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து வயல்காரர் வரும்வரை காத்திருந்தாள். இரண்டு ஜோடி எருதுகளைப் பூட்டி அவளை வெளியே இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாலையில் மொந்த்ரெசி கிராமத்துக் கால்நடைச் சந்தையின் எடைமேடையில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஆயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு கிலோ. முந்தின வாரம் அதே மேடையில் எண்ணூற்று நான்கு கிலோ இருந்தாள். பார்வைக்கு ஒல்லியான பெண், வயது இருபத்தேழு, சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. எடைமேடைக்காரன் கஸ்பார் ஷோமார் எடைக்கட்டியைத் தண்டின் கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு, "உன் ஆளுங்கள்ல யாரோ போயிட்டாங்க, லெயோந்தின்" என்றான்.

"யாரோவா? மிச்சமிருந்ததே ஒருத்தன்தான்" என்றாள் அவள்.

ராணுவக் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவள் தம்பி அன்செல்முக்காகத் துக்கத்துணி தைத்து உடுத்தி, அது ஒரு தடவை வெளுத்தும் ஆகிவிட்டது.

பெசலோன் என்ற இந்தப் பெயரின் கதை 1811 பிப்ரவரியில் தொடங்குகிறது. பாரிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளை வாங்கிக்கொள்ளும் விடுதி ஒன்றில் உர்சேன் பெல்த்ரா என்று ஓர் எழுத்தர் இருந்தார். வரும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பப்பெயர் வைப்பது அவர் வேலை. ஒழுங்கான மனிதர், பதினெட்டு வருடத்தில் ஒரு பெயரை இரண்டு தடவை எழுதியதில்லை. மரங்கள், மாதங்கள், தெருக்கள் எல்லாம் தீர்ந்த பிறகு, ஜன்னல் வழியாகத் தெரிந்த கடைகளில் விற்ற சாமான்களின் பெயர்களை வைத்தார். அந்த பிப்ரவரியில் அவருடைய இரண்டு வயது மகள் தொண்டை அடைப்பான் கண்டு இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தவர், அன்று வந்த ஆறு குழந்தைகளுக்கும் பெசலோன் என்று எழுதினார். அடுத்த நாள் வந்த ஐந்துக்கும் அதையே எழுதினார். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு பெசலோன்கள் ஆகிவிட்டார்கள். மேலதிகாரி கேட்டதற்கு, வேறு பெயர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை என்றார். அது அவர் மகள் எதையோ கேட்டுக் கை நீட்டும்போது சொல்லிய சொல். எதைக் கேட்டாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

நாற்பத்தொரு குழந்தைகளும் வைக்கோல் பரப்பிய வண்டிகளில் மொர்வான் மலைக்கு அனுப்பப்பட்டார்கள். எங்கள் மலையில் மண் ஏழை. கருங்கல்லும் பெரணிச்செடியும் தவிர எதுவும் தானாக விளையாது. பெண்களின் பால் ஒன்றுதான் வெளியூருக்குப் போகும் சரக்காக இருந்தது. பாரிஸுக்குத் தாதியாகப் போகாத பெண்களிடம் குழந்தைகளே வந்தார்கள். பாரிஸ் பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பெயர். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இருபத்தேழு பெசலோன்கள் இறந்தார்கள். பிழைத்த பதினான்கும் வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே வந்தன. பால் வற்றிப்போன தாதியின் மடியில் கிடந்த குழந்தைகூட ஒரு பூசணிக்காயின் கனம் கனத்தது. சோதனைக்கு வந்த அதிகாரி தூக்கிப் பார்த்து மெச்சி, நல்ல வளர்ப்புக்காகப் பதினான்கு தாதிகளுக்கும் ஆளுக்கொரு கம்பளிச் சால்வை பரிசாக வாங்கிக் கொடுத்தார். செத்த குழந்தைகளின் எடை உயிரோடிருக்கும் குழந்தைகள்மேல் ஏறியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சால்வை கனமான நல்ல சால்வை.

அதற்குப் பிறகு நூறு வருடம் அந்த எடை யாருக்கும் பெரிய தொந்தரவாக இருக்கவில்லை. பதினான்கு பேரும் வளர்ந்தார்கள், பண்ணைகளில் வேலை செய்தார்கள், கல்யாணம் செய்தார்கள், மலையின் நான்கைந்து ஊர்களில் பெசலோன்கள் ஆனார்கள். ரத்தத்தால் ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை என்றாலும் பண்டிகைக்குக் கூடும்போது சித்தப்பா, அத்தை என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு பெசலோன் இறந்தால் சவப்பெட்டியைத் தூக்க இரண்டு பேர் போதும்; உடம்பு இறகாகிவிடும். அன்று மற்ற பெசலோன்களுக்கு மரச்செருப்பு கொஞ்சம் அழுத்தும், ஏணிப்படி முனகும். பிறகு எங்காவது ஒரு பெசலோன் குழந்தை பிறக்கும். அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் நடை லேசாகும். பெண்கள் கல்யாணத்தன்று சர்ச் படி ஏறும்போது ஓர் எடை, புருஷன் பெயரோடு இறங்கும்போது ஓர் எடை. வேறு வீட்டிலிருந்து பெசலோன்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள்மேல் இந்த எடை ஏறவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பிறந்த வீட்டில் தூக்கியதே அவர்களுக்குப் போதும் என்று விட்டிருக்கலாம்.

1914இல் முப்பத்தொரு பெசலோன்கள் இருந்தார்கள். பத்தொன்பது பேர் சண்டைக்குப் போகும் வயது ஆண்கள். நான்கு பேர் கிழவர்கள். எட்டுப் பேர் கல்யாணமாகாத பெண்கள். சின்னப் பையன் ஒருவனும் இல்லாத காலமாக அது அமைந்துவிட்டது. ஆகஸ்டில் பத்தொன்பது பேரும் துப்பாக்கிக் குழலில் பூச்செருகி ரயில் ஏறினார்கள். செப்டம்பருக்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள். பாரம் கூடிய மனிதன் மெதுவாக ஓடுவான். மெதுவாக ஓடுகிறவன்மேல் குண்டு சுலபமாகப் படும். அவன் விழுந்ததும் மிச்சமிருப்பவர்கள் இன்னும் மெதுவாக ஓடினார்கள். சேற்றில் மற்றவர்களுக்குக் கணுக்கால் புதைந்த இடத்தில் பெசலோனுக்கு இடுப்பு புதைந்தது. ஊரில் தபால்காரர் வருவதற்கு முன்பே சேதி வந்துவிடும். வீட்டில் ஒரு நாற்காலி உடையும். பெண்கள் பயந்துபோய் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1915இல் மட்டும் ஆறு கல்யாணம். ஒருத்தி குழிவெட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி எழுபது வயதுக்காரரைக் கட்டிக்கொண்டாள்; அவர் பல்லே இல்லாமல் சம்மதம் சொன்னது பாதிரியாருக்குப் புரியாததால் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் கழற்றி வைத்த பாரம் மற்றவர்கள்மேல் ஏறியது. 1916 குளிர்காலத்தில் நான்கு கிழவர்களும், லெயோந்தினின் அப்பா உட்பட, படுக்கையிலேயே தங்கள் பாரத்தால் நசுங்கி இறந்தார்கள்.

லெயோந்தின் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வராமல் இல்லை. அவள் தம்பி அன்செல்ம் போர்முனையிலிருந்து எழுதியிருந்தான்: "அக்கா, நீயும் போய்விட்டால் மொத்தமும் என் தலையில் இறங்கும். நான் வரும்வரை பாதியைப் பிடித்துக்கொள்." அவள் பிடித்துக்கொண்டாள்.

1917 ஏப்ரல் பதினாறாம் தேதி ஒன்றுவிட்ட அண்ணன் ஃபிர்மேன் இறந்தபோது ஆண்களில் அன்செல்ம் ஒருவன்தான் பாக்கி. செத்தவர்களின் பாரத்தை அக்காவும் தம்பியும் சரிபாதியாகத் தூக்கினார்கள். அவனுடைய சொந்த எடையோடு சேர்த்து எண்ணூற்றுப் பதினெட்டு கிலோ ஆயிற்று. தாக்குதலுக்குக் கிளம்ப உத்தரவு வந்த காலையில் அவன் பதுங்குகுழியிலிருந்து ஏற முயன்றான். மூன்று ஏணிகள் உடைந்தன. நான்காவதை யாரும் தரவில்லை. மற்றவர்கள் ஏறிப் போனார்கள். அவன் களிமண்ணில் முழங்கால் புதைய நின்றான். உத்தரவை மீறி இருந்த இடத்திலேயே நின்றான் என்று கேப்டன் எழுதினார். விசாரணை கால்மணி நேரம் நடந்தது. அவனோடு இருந்த தச்சன் ஒருவன், ஐயா இவனைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டான். நீதிபதிகள் தூக்கிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவனை ஒரு கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். உயிர் போன கணத்தில் உடம்பு எடையற்றுப் போனதால், அதே தச்சன் ஒருவனே அவனை இரண்டு கையிலும் ஏந்திக் குழியில் வைத்தான். பிற்பாடு ஊருக்கு வந்து இதையெல்லாம் சொன்னவனும் அவன்தான்.

ஆயிரத்து அறுநூறு கிலோவோடு ஒரு பெண் வாழ்வதற்குச் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. மரத்தரை வீட்டை விட்டு, கருங்கல் பாவிய மாட்டுக்கொட்டிலுக்கு லெயோந்தின் குடிபோனாள். கல்லறைக்கென்று வெட்டி விற்காமல் போன பலகைக்கல் ஒன்றின்மேல் வைக்கோல் போட்டுப் படுத்தாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவள் வீடும் எடைமேடையும். அந்தப் பக்கம் சர்ச்சும் கடைகளும். மரப்பாலத்தில், ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள் போகக்கூடாது என்று ஊராட்சி எழுதி வைத்திருந்த பலகைக்குக் கீழே, "லெயோந்தினும்" என்று யாரோ சுண்ணாம்பால் சேர்த்திருந்தார்கள். சாமான் வாங்கித் தருவது கஸ்பார் ஷோமார். அவன் மனைவியை இழந்தவன். லெயோந்தினைவிடப் பத்து வயது மூத்தவன். வாரம் ஒரு தடவை கல்யாணம் கேட்பான்.

"என்னைக் கட்டிக்கோ. சர்ச்சை விட்டு இறங்குறப்போ நீ காத்தாட்டம் இருப்ப. நான் பிடிச்சுக்கலைன்னா பறந்துடுவ."

"உனக்குப் பிடிச்சு நிறுத்த ஆள் வேணும்னா சந்தையில கன்னுக்குட்டி இருக்கு."

"கன்னுக்குட்டி இவ்வளவு வாய் பேசாது. அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

"நான் இறக்கி வெச்சா இவங்க எங்க போவாங்க, கஸ்பார்? தூக்க வேற யாரு இருக்கா?"

அவன் காப்பித்தூளை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

1921இல் சுற்று ஊர்களுக்கும் சேர்த்து சர்ச் முன்னால் போர் நினைவுக்கல் வைத்தார்கள். முப்பத்தொன்பது பெயர்களில் பதினெட்டு பெசலோன். அன்செல்ம் பெயர் இல்லை. சுட்டுக்கொல்லப்பட்டவன் நாட்டுக்காக இறந்தவன் ஆகமாட்டான் என்று மேயர் சொன்னார். அவரே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பெயர்களை வாசித்தபோது லெயோந்தின் ஆற்றின் இந்தக் கரையில் நின்று கேட்டாள். கடைசியாக வாசித்த பதினெட்டாவது பெசலோனுக்குப் பிறகு பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. அன்றுமுதல் அவளுக்கு ஒரே வேலைதான்: அந்தக் கல்லில் பத்தொன்பதாவது பெசலோனாக ஒரு பெயர் வெட்ட வேண்டும். அமைச்சகத்துக்கு எழுதினாள், ஆயருக்கு எழுதினாள், கேப்டனின் விதவைக்குக்கூட எழுதினாள். பதில் வந்த கடிதங்கள் மரியாதையான கடிதங்கள்.

1923இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு குடும்பப்பெயரின் கடைசி ஆண்மகன் போர்க்களத்தில் வாரிசில்லாமல் இறந்திருந்தால், அவனுடைய நெருங்கிய சொந்தக்காரன் அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொள்ளலாம், பெயர் அழியாது. மறு வருடம் வசந்தத்தில் நெவேர் நகரத்திலிருந்து ஒரு மோட்டார் கார் மாட்டுக்கொட்டில் வாசலில் வந்து நின்றது. இறந்துபோன ஃபிர்மேனின் அக்கா ஒர்தான்ஸ் இறங்கினாள். நெவேரில் ஓட்டல்காரரைக் கட்டிக்கொண்டு பெசலோன் பாரத்தை இருபத்தெட்டு வருடம் முன்பே இறக்கி வைத்தவள். கூடவே அவள் மகன் லூசியன் ஜிரோதெல், இருபத்தாறு வயது, நல்ல தொப்பி. கூடவே நோட்டரி ஒருவர், தோல்பையோடு. பின்னாலேயே மேயர் மூச்சுவாங்க நடந்து வந்தார்.

"சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கும்மா" என்று நோட்டரி ஆரம்பித்தார். "கடைசி ஆம்பளை களத்துல விழுந்திருக்கணும். அவ்வளவுதான்."

"கடைசி ஆம்பளை என் தம்பி" என்றாள் லெயோந்தின்.

"அதுதான் சிக்கல்."

"நீங்க சிக்கல்ங்கிறீங்க. நான் அவமானம்னு சொல்லுவேன்" என்றாள் ஒர்தான்ஸ்.

"அக்கா, உன் தம்பி ஃபிர்மேன் முதல்ல விழுந்தான். அவன் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு என் தம்பி பதினோரு நாள் நின்னான். அந்தப் பதினோரு நாளா உனக்கு அவமானம்?"

ஒர்தான்ஸ் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். லெயோந்தின் லூசியன் பக்கம் திரும்பினாள். "உனக்கு எதுக்குப்பா இந்தப் பேரு?"

"மாமா ஞாபகத்துக்காக, சித்தி."

"தேர்தல் எப்போ?"

"அக்டோபர்ல" என்று சொல்லிவிட்டு அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

நோட்டரி பையிலிருந்து எடுத்த தாளில் எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதன்படி, 1893இல் லெயோந்தினின் அம்மாவுக்குப் பிறந்த ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அன்செல்ம் என்பவன் அதே வாரம் பாலுக்காக அந்த வீட்டில் விடப்பட்ட ஒரு பாரிஸ் பிள்ளை. வளர்த்த வீட்டின் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். எங்கள் மலையில் எல்லாப் பாரிஸ் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது பள்ளிக்கூடத்திலும் பிறகு ராணுவத்திலும் தவறுதலாக ஏறிவிட்டது. பெயருக்குப் பதிலாக ஒரு விடுதி எண் போட்டிருந்தது: 4417. அந்த வருடத்துப் பிறப்புப் பதிவேட்டில் ஈரம் பாய்ந்து ஒரு பக்கம் கெட்டுவிட்டது என்று மேயர் தரையைப் பார்த்தபடி சொன்னார். அன்செல்ம் பெசலோன் இல்லையென்றால், கடைசி பெசலோன் ஃபிர்மேன். ஃபிர்மேன் களத்தில் விழுந்தவன்.

லெயோந்தின் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "காரை எடுத்துட்டுப் போங்க. அது நிக்கிற இடத்துல எனக்குக் கொஞ்சம் முள்ளங்கி இருக்கு."

மறு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கறுப்புடுத்திய பதினொரு பெண்கள் பாலத்தைக் கடந்து வந்தார்கள். கல்லில் இருக்கும் பதினெட்டு பேரின் அம்மாக்களும் மனைவிகளும். அவர்களில் செலெஸ்தின் என்பவளுக்கு மூன்று மகன்கள் போயிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. லெயோந்தின் பன்றிக்கொழுப்பு அப்பம் எடுத்து வைத்தாள், யாரும் தொடவில்லை.

"பேரு உன்னோட முடிஞ்சுபோனா, அந்தக் கல்லு யாரோட பேருன்னு கேக்க ஒரு நாய்கூட வராது" என்றாள் செலெஸ்தின்.

"தெரியும், பெரியம்மா."

"உன் தம்பி ஒருத்தன். என் வீட்டுல மூணு பேரு."

"எண்ணிக்கைதான் பேசுமா?"

"எனக்கு வேற என்ன இருக்கு, பேச?"

அந்தப் பெண்கள் சாயங்காலம்வரை நின்றார்கள். மாடு கறக்கும் நேரம் வந்ததும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். செலெஸ்தின் மட்டும் இருந்தாள். லெயோந்தின் தூக்கிக்கொண்டிருக்கும் பாரத்தில் எந்தப் பகுதி தன் மகன்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அவளுடைய தோள், முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். புதன்கிழமை லெயோந்தின் நோட்டரிக்கு ஆள் அனுப்பினாள். தன் பெயரை எழுதிய பேனா காகிதத்தைத் துளைத்துக் கல்வரை இறங்கியது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்த எண்ணையாவது கல்லில் ஓரமாக வெட்ட முடியுமா? பார்க்கலாம் என்றார் நோட்டரி. அவர் நல்ல நோட்டரி; பார்க்கவில்லை.

நெவேர் நீதிமன்றத்தின் தீர்ப்பு செப்டம்பர் பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு வந்தது. அந்த நேரத்தில் லெயோந்தின் கொட்டிலில் ஒரு கால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக ஒரு காலைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவு பலத்தையும் கொடுத்துப் பழகியிருந்ததால், துள்ளிப் போய் உத்திரத்தில் தலையை இடித்துக்கொண்டாள். அதே நேரத்தில் நெவேரில், ஓட்டலின் கீழ்க்கூடத்தில் ஆதரவாளர்களுக்கு விருந்து கொடுத்துக்கொண்டிருந்த லூசியன், கோப்பையை உயர்த்திய கையோடு, நாற்காலி, தரை, தரைக்குக் கீழே இருந்த ஒயின் பீப்பாய் மூன்றையும் உடைத்துக்கொண்டு நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தான். அடி ஒன்றும் பலமில்லை. தியாகிகள் பதினெட்டு பேரின் பெயரில் பேச ஆரம்பித்த வாக்கியத்தை அவன் கீழேயிருந்தே முடித்ததாகச் சொல்வார்கள்.

லெயோந்தின் நேராக எடைமேடைக்குப் போனாள். அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பாரம் இனி இரண்டு பேருக்குச் சரிபாதி. கையெழுத்துப் போட்டாலும் ரத்தம் ரத்தம்தான்; அன்செல்மின் அறுபத்தெட்டு கிலோவில் பாதியாவது தன்மேல் இருக்கும் என்று நம்பியிருந்தாள். கஸ்பார் எடைக்கட்டியைப் பின்னால் நகர்த்தினான், இன்னும் நகர்த்தினான். எண்ணூற்று நான்கில் தண்டு நேராக நின்றது. தம்பி சாவதற்கு முந்தின நாள் அவள் என்ன எடையோ, அதே எடை.

"இன்னொரு தடவை போடு."

போட்டான். எண்ணூற்று நான்கு.

"அவனோடது இல்ல" என்றான் கஸ்பார், மெதுவாக. "முப்பத்துநாலு கூட இருக்கணும். இல்ல."

"அந்த நெவேர்க்காரன்கிட்ட முழுசா போயிருக்குமா?"

"எப்பவாவது அப்படிப் போயிருக்கா?"

அவள் மேடையிலிருந்து இறங்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் மாடுகளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. இருட்டத் தொடங்கியபோது கஸ்பார் அவள் தோளில் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, மாடுகளை மறுநாள் வரச் சொன்னான்.

அந்த எடை எங்கே போயிற்று என்பது அடுத்த மாதம் தெரியவந்தது. எங்கள் வட்டாரத்தில் அப்போது ஆயிரத்து நூற்று முப்பது பாரிஸ் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகளை மாதத்துக்கு ஒரு முறை எடை போடும் மருத்துவர், எல்லாக் குழந்தைகளும் அறுபது அறுபது கிராம் கூடியிருப்பதைப் பார்த்தார். நோயில் கிடந்ததும், அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியதும்கூட. தராசில் கோளாறு என்று நினைத்து, அரசு முத்திரை போட அதிகாரமுள்ள கஸ்பாரைக் கூப்பிட்டு அனுப்பினார். கஸ்பார் தராசைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தான். தராசு சரியாக இருந்தது. அறுபதை ஆயிரத்து நூற்று முப்பதால் பெருக்கினான். கொஞ்சம் குறைய அறுபத்தெட்டு கிலோ வந்தது. பேரேட்டில் எதையும் எழுதாமல், சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஆற்றைக் கடந்து லெயோந்தினிடம் வந்தான்.

"அவன் பாரிஸ் பிள்ளைன்னு எழுதிக் கொடுத்த இல்ல" என்றான். "அவங்ககிட்டதான் போயிருக்கான். ஆளுக்கு ஒரு கோழிமுட்டை."

காகிதத்தை யாரும் நம்பவில்லை, மேயர் உட்பட. எடை நம்பியது.

லூசியன், ஜிரோதெல் பெசலோன் என்ற புதுப்பெயரில், தேர்தலில் ஜெயித்தான். ஆனால் எண்ணூற்று முப்பது கிலோவோடு மேடையேற முடியாது என்பது அவனுக்குச் சீக்கிரம் விளங்கியது. பெயரைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. பாரத்தைக் குறைக்க ஒரே வழி, பெசலோன்களைப் பெருக்குவது. இரண்டு மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டான், பிறகு வரிசையாகப் பதினோரு குழந்தைகள். அது போதாமல் தத்து எடுத்தான். ஓட்டல் பரிமாறுகிறவர்களின் பிள்ளைகள், சலவைக்காரியின் பிள்ளைகள், ஊரில் தகப்பன் பெயர் இல்லாமல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் தானே தகப்பன் என்று எழுதிக் கொடுத்தான். பெரிய மனசுக்காரன் என்று பெயர் வாங்கினான். அவனுக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளும் பெற்றுப் பெருகினார்கள். இப்போது குடும்பப்பெயர்களை எண்ணிச் சொல்லும் இணையப் பக்கத்தில் பார்த்தால் பெசலோன்கள் ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்: நெவேரில் அதிகம், லியோனில் நிறைய, மார்சேயில் ஒரு பல் மருத்துவர், கனடாவில் ஒன்பது பேர். பழைய ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம், பொருள் கோதுமை வயல் என்று அந்தப் பக்கம் சொல்கிறது. ஒவ்வொருவரும் இருக்க வேண்டியதைவிட ஒரு கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். சர்க்கரையை விட்டுப் பார்க்கிறார்கள், ஓடிப் பார்க்கிறார்கள், அந்த ஒரு கிலோ இறங்குவதில்லை.

நெவேரில் பெசலோன்கள் பெருகப் பெருக, லெயோந்தின் இங்கே லேசானாள். வண்டிக்கு நான்கு சக்கரம், தனக்கு இரண்டே கால் என்று காத்திருந்தவள், 1926இல் ஒரு டன் பலகையைத் தாண்டிப் பாலத்தில் கால் வைத்தாள். பாலம் முனகியது, தாங்கியது. அவள் சர்ச் பக்கம் போகவில்லை, நினைவுக்கல்லைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கஸ்பார் அந்த வருடமும் கேட்டான். "பேரைக் காப்பாத்தியாச்சு. இனி என்ன தடை?" என்றான். "செலெஸ்தின் பசங்க மூணு பேரும் கொஞ்சமாவது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. காப்பித்தூள் மட்டும் கொண்டுவந்தான், சாகும்வரை.

அவள் போன இடம் வேறு. பாரிஸ் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். கதவைத் தட்டி, "கொஞ்சம் தூக்கிக்கட்டுமா?" என்பாள். வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் கொண்டுவந்து தருவாள். கைக்குழந்தையானாலும், மாடு மேய்க்கிற பன்னிரண்டு வயதானாலும், அக்குளில் கைகொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பாள். பெரிய பிள்ளைகள் வெட்கப்பட்டு நெளிவார்கள். "இது ரெண்டாவது தடவை" என்று ஒருத்தி முறையிட்டதற்கு, "அதுக்கென்ன, நீ தேயவா போற?" என்றாள். இறக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடப்பாள். எந்தப் பிள்ளையையும் அவள் தன் வீட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட முடியாது. இருபத்தொரு வயதில் பிள்ளைகள் விடுதிப் பொறுப்பிலிருந்து விலகிப் போகும்போது அவர்கள் பங்கு, அந்த வாரம் பாரிஸ் ரயிலில் வந்த குழந்தைகள்மேல் இறங்கிவிடும். முழு அன்செல்மையும் தூக்கி முடிக்க அவளுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் பிடிக்கும். முடிந்ததும் முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

1961இல் லெயோந்தின் இறந்தாள். சவப்பெட்டியை இரண்டு பேர் தூக்கிப்போனார்கள். மொந்த்ரெசிக்கு இன்றும் பிள்ளைகளை வளர்ப்புக்கு அனுப்புகிறார்கள். இப்போது காரில், ஒரு பெண் அதிகாரியோடு, முதுகுப்பையோடு வருகிறார்கள். வாசலில் இறங்கிய பிள்ளையை வீட்டுக்காரி ஒரு தடவை தூக்கிப் பார்ப்பாள். அதிகாரி அதை அன்பு என்று தன் படிவத்தில் குறித்துக்கொள்வாள். "சரியா இருக்கு" என்று வீட்டுக்காரி பிள்ளையை இறக்கிவிட்டு, சூப்பு ஆறுவதற்குள் உள்ளே வரச் சொல்வாள்.